கன்றுக்குட்டியின் மேல்வரிசை

ஒன்று மாடு போக வேண்டும், இல்லாவிட்டால் நான் போக வேண்டும் என்று ஒரு வியாழக்கிழமை காலை முடிவெடுத்தேன். எடுத்த முடிவைச் சூட்டோடு சூடாக மனைவியிடம் சொன்னேன். அவள் தவிட்டில் தண்ணீர் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எங்க போவீங்க?" என்றாள்.

அந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. ஆகவே மாடுதான் போக வேண்டும் என்று முடிவைத் திருத்திக்கொண்டேன்.

நான் பல் கட்டுகிறவன். பல் டாக்டர் அல்ல. டாக்டர்கள் பிடுங்குவார்கள், பிடுங்கிய இடத்தில் உட்காரும் செட்டை நான் செய்து கொடுப்பேன். ஊரில் பாதிப்பேர் சிரிப்பது என் கைவேலை. பிறரை வாயைத் திறக்கச் சொல்லிச் சம்பாதிக்கிறவன். வீட்டுக்குள் வந்தால் என் வாய் மட்டும் திறப்பதில்லை.

பட்டறை எங்கள் வீட்டு முன்னறைதான். ஒரு மேசை, மெழுகு உருக்க ஒரு சின்ன அடுப்பு, அச்சு வார்க்க மாவு, அரம், பல் நிறைந்த இழுப்பறைகள். அரத்தை எடுத்தால் தூசு பறக்கும். தூசு பறந்தால் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் பறந்து வரும். ஒரு தடவை அவளுடைய பெரியண்ணன் வந்திருந்தபோது அவர் தண்ணீர் குடித்த குவளையின் அடியில் ஒரு கடைவாய்ப்பல் கிடந்தது. அவர் தன்னுடையதுதான் என்று நினைத்து அழுதுவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருக்கிறது. கிழக்கிலிருந்து நல்ல வெளிச்சம். தண்ணீர்க் குழாய். தரையைக் கழுவிவிட வாட்டமான சாக்கடை. பல் கட்டும் பட்டறைக்கென்றே யாரோ கட்டியது போன்ற இடம். அதில் ஒரு பசுவும் அதன் கன்றும் குடியிருந்தன. மனைவியின் பசு, மனைவியின் கன்று. அவள் காலையில் எழுந்ததும் முதலில் குசலம் விசாரிப்பது அவற்றைத்தான். என்னை விசாரிப்பதற்குள் எனக்கு வேலை நேரம் வந்துவிடும்.

அடுத்த சந்தில் இருக்கும் பால்காரரிடம் பேசினேன். அவர் கொட்டகையில் ஏகப்பட்ட மாடுகள். பசுவையும் கன்றையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போக ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன் என்றார். பால்காரருக்கும் பல்காரருக்கும் நடுவில் ஒரு கால்தான் வித்தியாசம். அந்தக் காலை ஒருவருக்கொருவர் வாரிவிட்டுக்கொள்வதுதான் எங்கள் சிநேகம்.

"ஞாயித்துக்கிழமை வராராம்" என்றேன் மனைவியிடம்.

"சரி" என்றாள்.

என் மனைவி 'சரி' என்று சொன்னால் பயப்பட வேண்டும் என்பது கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுவதே அபூர்வம் என்பதால் ஒவ்வொரு தடவையும் மகிழ்ந்துபோய்விடுகிறேன். கொட்டகையில் மேசையை எங்கே போடலாம் என்று அளந்துகூடப் பார்த்தேன். பசு என்னைப் பார்த்தபடியே அசைபோட்டது.

சனிக்கிழமை மதியம் கன்று வாயைக் கிழித்துக்கொண்டது.

அது எதையும் நக்கும். கயிறு, சுவர், காயப்போட்ட என் சட்டை, சைக்கிள் மணி. கொட்டகையின் தகரக் கதவு அடியில் பிய்ந்து சுருண்டிருந்தது. அதை நக்கப் போய், உதடு மாட்டிக்கொண்டு, பயந்து தலையை வெடுக்கென்று இழுத்திருக்கிறது. ஒரு டாக்டரிடம் செட்டைக் கொடுத்துவிட்டு நான் திரும்பி வந்தபோது மாட்டு டாக்டர் வந்து தைத்துவிட்டுப் போயிருந்தார். என் மனைவி கொட்டகைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கன்றின் தலை அவள் மடியில். புடவையெல்லாம் ரத்தம். கீழுதடு வீங்கிக் கருநீலமாக இருந்தது. பசு கயிறு இறுகும்வரை எட்டிப்பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"கீழுதடு கிழிஞ்சிருக்கு. நாக்கு அடியிலயும் வெட்டு. தையல் பிரிக்கிற வரைக்கும் தாய்கிட்ட விடக்கூடாதாம். முட்டிக் குடிச்சா தையல் பிஞ்சிடுமாம். புல்லும் கூடாது. பாலைக் கறந்து வாயோரமா கொஞ்சம் கொஞ்சமா விடணும். ஒவ்வொரு தடவையும் உப்புத் தண்ணியால வாயைக் கழுவணும்."

வாய் என்ற சொல் என்னைத் தொட்டது. உள்ளே போய்ப் பிடி போட்ட சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து வந்தேன்.

"நகரு. இது என் துறை."

உதட்டை மெதுவாக விலக்கிப் பார்த்தேன். கீழே முன்பற்கள் அழகாக வரிசையாக இருந்தன. தையல் சுத்தமாகப் போட்டிருந்தார். உள்ளே தள்ளிக் கடைவாய்ப்பற்களும் சரியாக இருந்தன. பிறகு கண்ணாடியை மேல்பக்கம் திருப்பினேன்.

மேலே முன்பல் ஒன்றுகூட இல்லை. வழுவழுவென்று வெறும் ஈறு.

டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தேன். எத்தனையோ பொக்கை வாய்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வரிசை முழுக்க ஒரே இழுப்பில் போய், ஈறு இத்தனை சுத்தமாக இருந்து பார்த்ததில்லை.

"போச்சு" என்றேன்.

"என்ன போச்சு?"

"மேல்வரிசை. முன்பல் மொத்தமும் போச்சு. ஒண்ணுகூட மிஞ்சலை."

என் மனைவி என்னைப் பார்த்தாள். கன்றைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு துக்கம் மெதுவாகத் திரண்டு வந்தது. துக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாக்காமலா? வேர்கூட இல்லை. அவ்வளவு வேகமா இழுத்திருக்கு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் இப்படிக் குலுங்கி அழவில்லை. முதுகைத் தட்டிக்கொடுத்தேன். குலுக்கல் அதிகமாயிற்று.

தரையில் கிடந்த வைக்கோலை ஒரு பக்கமிருந்து கிளறினேன். முளையடியில் தேடினேன். சாக்கடையிலும் கையை விட்டுப் பார்த்தேன்.

"என்ன தேடறீங்க?"

"விழுந்த பல் எங்கயாவது கிடக்கணுமே."

"முழுங்கியிருக்குமோ?" என்றாள் முந்தானைக்குள்ளிருந்து.

"இருக்கும்" என்றேன். அது எனக்குத் தோன்றவில்லை. நெருக்கடியிலும் அவளுக்கு மூளை வேலை செய்வதை நினைத்து மெச்சிக்கொண்டேன்.

கொஞ்சம் ஆசுவாசப்பட்ட பிறகு அவள் கேட்டாள். "நாளைக்குப் பால்காரர் வருவாரே. என்ன செய்யப் போறீங்க? ஓட்டிவிட்டுடுவீங்களா?"

"என்ன பேச்சு பேசறே? நான் பல் கட்டறவன். பல்லில்லாத கன்னை ஒருத்தர் தலையில கட்டலாமா? நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் என்ன வேணாலும் சொல்லும்."

"வாய் ஆறட்டும். அப்புறம் பல்லுக்கு ஒரு வழி பண்ணிட்டு, முழுசாத்தான் ஒப்படைப்பேன்."

"நீங்க சொன்னா சரி."

மறுபடியும் சரி. ஒரே வாரத்தில் இரண்டாவது. அந்த மயக்கத்தில் நானே போய்ப் பால்காரரிடம், கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். காரணம் சொல்லவில்லை. புதுப் பல்லோடு காட்டி அசத்த வேண்டும் என்று இருந்தேன்.

அன்று மாலை பால் புகட்டும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். நோயாளிகளின் வாயைக் கழுவ நான் வைத்திருக்கும் ரப்பர்ப் பந்துக் குழாயில் காலையில் கறந்த பாலை நிரப்பி, வாய்க்குள் விட்டு ஓர் அமுக்கு அமுக்கினேன். கன்று தும்மியது. பால் என் மூக்குக்கண்ணாடிக்கு வந்து சேர்ந்தது. இரண்டாம் தடவை சட்டைக்கு. மூன்றாம் தடவை கன்று இருமி, கண்கள் பிதுங்கி, கால் தள்ளாடியது.

"விடுங்க, விடுங்க. மூச்சுக்குழல்ல போயிடும்" என்று என் மனைவி வாங்கிக்கொண்டாள்.

அவள் செய்ததைச் சொல்ல வேண்டும். கன்றின் பின்பக்கத்தைச் சுவர் மூலைக்குக் கொண்டுபோய், பின்னால் நகர முடியாதபடி நிறுத்தினாள். அதன் கழுத்தைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். இடது உள்ளங்கையைத் தாடைக்கடியில் கொடுத்து, தலையை முதுகு மட்டத்துக்குத் தூக்கினாள், அதற்கு மேல் இல்லை. கட்டைவிரலை வாயோரத்தில் பல்லே இல்லாத இடைவெளியில் செருகியதும் வாய் தானாகத் திறந்தது. தையல் போட்ட பக்கத்தில் அவள் விரல் படவே இல்லை. ஒரு கோப்பையிலிருந்து கன்னத்துக்கும் கடைவாய்க்கும் நடுவில் கொஞ்சம் பால் விட்டாள். தொண்டையைப் பார்த்தாள். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. மறுபடி கொஞ்சம். நாக்கு அசைந்தபோது விட்டாள். அசையாதபோது காத்திருந்தாள். கோப்பை காலியாகும்வரை அவள் கண் அந்தத் தொண்டையை விட்டு நகரவில்லை. கன்றும் துளி சிந்தவில்லை.

பெரிய பெரிய பல் டாக்டர்களின் கைகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாக என் வீட்டில்தான் இருந்திருக்கிறது.

"இதை எங்க கத்துக்கிட்டே?"

"உங்களுக்குக் காய்ச்சல் மருந்து குடுத்துக் குடுத்துப் பழக்கம்தான்."

கோப்பையைக் கழுவிவிட்டு வந்தாள். "இனிமே நீங்கதான் குடுக்கணும். எனக்குக் கறக்கிற வேலை இருக்கு. வாய் உங்க துறை."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள் என்பதை உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது.

மறுநாள் காலை புதுச் சிக்கல். கன்று முட்டிக் குடித்தால்தான் பசு பாலை இறக்கும். கன்றைத் தள்ளிக் கட்டியிருந்ததால் பசு பாலை மேலே இழுத்துவைத்துக்கொண்டு, எங்கோ பார்த்தது. என் மனைவி மடியைத் தடவிப் பார்த்தாள். வெந்நீரில் துடைத்துப் பார்த்தாள். பசு மசியவில்லை.

"கன்னை முன்னால கொண்டுவந்து பிடிச்சுக்குங்க. அதை நக்கினா பால் இறங்கும்."

பிடித்துக்கொண்டு குந்தினேன். பசு கன்றின் நெற்றியை நக்கியது. முதுகை நக்கியது. பிறகு இடையில் எந்த எல்லையும் வைத்துக்கொள்ளாமல் என் கையை நக்கியது, கழுத்தை நக்கியது, தலைக்கு வந்தது. பசுவின் நாக்கு என் முரட்டு அரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

"ஐயோ" என்றேன்.

"அசையாதீங்க. இறங்குது."

"தோல் உரியுது."

"இன்னும் கொஞ்சம் குனிங்க. வழுக்கைப் பக்கம் காட்டுங்க. அதுதான் அதுக்குப் பிடிச்சிருக்கு."

குனிந்தேன். பாத்திரத்தில் பால் விழும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் என் தலையால் நடந்த முதல் காரியம் அது. அதற்குப் பிறகு தினம் இரண்டு வேளையும் கன்றோடு கன்றாக நானும் போய்க் குந்தினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர். வேலையை விட்டும் எட்டிப் பார்க்கும் பழக்கத்தை விடாதவர். மதிலுக்கு மேல் அவர் தலை தெரிந்தது.

"என்ன சார், பல்லெல்லாம் போச்சாமே?"

"மேல்வரிசை மட்டும்."

"அடடா. அப்ப எப்படி மெல்லும்?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

"செட்டு போடப் போறீங்களா?"

"போடத்தான் போறேன்."

அவர் தலை மதிலுக்குப் பின்னால் சட்டென்று இறங்கியது. கர் புர் என்று ஏதோ சத்தம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார்.

"தும்மல், சார். தூசு."

தெருவே வந்து பார்த்தது. தையற்காரர் வந்தார். இஸ்திரி போடும் அம்மா வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை, போகிற வழியில் நின்று, என் பிடி போட்ட கண்ணாடியை வாங்கி ஈறைப் பார்த்துவிட்டு, "பாவம், சின்ன வயசு" என்றார். எல்லோருக்கும் எந்தெந்தப் பல் எங்கெங்கே இருந்திருக்கும் என்று பென்சிலால் சுட்டிக்காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. இவ்வளவு மரியாதை தெரிந்த தெருவில் குடியிருக்கிறோம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இடையில் ஒரு நாள் கன்று குடிக்க மறுத்தது. உடம்பு கொதித்தது. காது இரண்டும் தொங்கிவிட்டன. வாயோரத்தில் விட்ட பால் அப்படியே வழிந்து வெளியே வந்தது. என் மனைவி டாக்டரைக் கூப்பிட ஓடினாள். நான் மேசையில் பாதியில் நின்ற செட்டை மறந்துவிட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். கன்று கண்ணை மூடி மூடித் திறந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டைவிரலைப் பாலில் தோய்த்து அதன் நாக்கில் வைத்தேன். சும்மா இருந்தது. மறுபடி தோய்த்து வைத்தேன். நெடுநேரம் கழித்து நாக்கு மெல்லச் சுருண்டு என் விரலைப் பிடித்தது. பிடி பலமில்லை. ஆனால் விடவில்லை.

டாக்டரோடு மனைவி வந்தபோது நான் அதே இடத்தில், அதே நிலையில், மரத்துப்போன காலோடு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஊசி போட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். அன்று எனக்குச் சாப்பாட்டைக் கொட்டகைக்கே கொண்டுவந்து வைத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் என்னையும் பசுவையும் ஒரே வரிசையில் வைத்துக் கவனித்தாள்.

காய்ச்சல் இறங்கியது. பல்லின் நினைவு எனக்கு மறுபடி வந்தது.

"நாளைக்கு அச்சு எடுத்துடறேன்" என்றேன்.

"புண்ணு ஆறாம அச்சு எடுத்தா வீக்கத்தோட சேர்ந்து அளவு தப்பிடாதா?"

அசந்துபோனேன். தொழிலில் ஊறினவர்களுக்கே சட்டென்று தோன்றாத விஷயம். "நீ மட்டும் இந்தத் தொழிலுக்கு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"தூசு ஒத்துக்காது" என்றாள்.

தையல் பிரித்த பிறகு அச்சு எடுத்தேன். முதல் அச்சை, மெழுகோடு, கன்று தின்றுவிட்டது. இரண்டாவது தப்பியது. என் இழுப்பறைகளில் கன்றுப் பல் கிடையாது. ஆகப் பெரிய ஆண்பிள்ளைப் பற்களாகப் பொறுக்கினேன். நிறம் பொருந்த வேண்டுமே என்று, கன்றை வாசல் வெயிலுக்கு அழைத்துப் போய், மாதிரிப் பல்லைக் கீழ்ப்பல்லோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தும்மல் வந்தது. இரண்டு நாள் இழைத்தேன். என் தொழிலில் அதைவிட நல்ல செட்டு நான் செய்ததில்லை.

மாட்டிப் பார்த்த அன்று மதிலின் மேல் நடத்துநர், அவர் மனைவி, அவர் மைத்துனர் என்று தலைகள் வரிசையாக இருந்தன. என் மனைவி கன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். செட்டை உள்ளே தள்ளி, ஈறில் அழுத்தி, கையை எடுத்தேன்.

கன்று உதட்டை மூடிப் பார்த்தது. மூட முடியவில்லை. அது எங்களைப் பார்த்துச் சிரித்தது. ஒரு முழு மனிதச் சிரிப்பு. அப்படியே அவளுடைய பெரியண்ணன். வீட்டு அமைதியை முன்னிட்டு நான் வெளியே சொல்லவில்லை.

"உங்க அக்கா மாதிரியே இருக்கு" என்றாள் என் மனைவி.

பசு திரும்பிப் பார்த்தது. தன் பிள்ளை சிரிப்பதைக் கண்டதும் மூக்கு விடைக்க, கயிறு அறுகிற மாதிரி இரண்டடி பின்வாங்கியது. கன்று மிரண்டு தலையை உதறியது. செட்டு பறந்து போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, அங்கிருந்தும் சிரித்தது. மதிலின் மேலிருந்த தலைகள் மொத்தமாகக் காணாமல் போயின.

"கொஞ்சம் தேய்க்கணும். அவ்வளவுதான்" என்றேன்.

"நிதானமாத் தேயுங்க. என்ன அவசரம்?" என்றாள்.

மறுநாள் மதியம் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கொட்டகை வாசலில் உட்கார்ந்து செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கன்று என் சட்டை நுனியை நக்கிக்கொண்டிருந்தது. பால்காரர் வந்தார்.

"என்ன பல்காரரே, கொஞ்ச நாள், கொஞ்ச நாள்னு தள்ளிக்கிட்டே போறீங்க. இன்னைக்கு ஓட்டிட்டுப் போயிடவா?"

"ஒரு குறை இருக்கு. மறைக்கிற பழக்கம் எனக்கில்லை."

"சொல்லுங்க."

"மேலே முன்பல் கிடையாது. விபத்துல போயிடுச்சு."

"யாருக்கு?"

"கன்னுக்கு."

அவர் கன்றின் வாயைப் பார்த்தார். என் கையில் இருந்த செட்டைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் பசுவிடம் போய் அதன் மேலுதட்டை ஒரு விரலால் தூக்கினார். வழுவழுவென்று வெறும் ஈறு.

"இதுக்கும் விபத்தா?" என்றார்.

நான் எழுந்து போய்ப் பசுவின் வாயை எட்டிப் பார்த்தேன்.

"பல்காரரே, மாட்டுக்கு மேலே முன்பல்லே கிடையாது. எந்த மாட்டுக்கும் கிடையாது. புல்லை நாக்கால சுருட்டி, கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவுல வெச்சு அறுக்கும். பொறப்புலேருந்தே அப்படித்தான். என் கொட்டகையில நிக்கிறதுக்கெல்லாம் நீங்க செட்டு போட ஆரம்பிச்சா ஆயுசு போதாது."

கவிழ்த்துவைத்த வாளியின் மேல் உட்கார்ந்தேன். முந்தானையும் குலுங்கிய தோளும் நினைவுக்கு வந்தன. முதலில் கோபம் வந்தது. கோபத்துக்கு ஆதாரம் வேண்டுமே என்று அவள் அன்று பேசியதை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். என்ன போச்சு? நல்லாப் பாத்தீங்களா? முழுங்கியிருக்குமோ? என்ன செய்யப் போறீங்க? ஒரு பொய்கூட இல்லை. எல்லாம் கேள்விகள். பதில்களை முழுக்க முழுக்க நான்தான் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு நேர்மையாக ஒருவரை ஏமாற்ற முடியும் என்று எனக்குத் தெரியாது. கோபம் உட்கார இடமில்லாமல் எழுந்து போய்விட்டது.

மதிலுக்கு மேல் நடத்துநரின் தலை முளைத்தது.

"தெரிஞ்சுபோச்சா சார்?"

"உங்களுக்கும் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும். உங்க வீட்டம்மா அன்னைக்கே வீடு வீடா வந்தாங்க. 'சிரிக்கணும்னா கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிங்க. அவர் எதிர்ல யாராவது பல்லைக் காட்டினீங்க, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதீங்க'ன்னுட்டாங்க. அடக்கி அடக்கி எனக்கு விலா எலும்பே வலிக்குது சார்."

கன்றுக்கும் தெரியுமோ என்று எதற்கும் அதைப் பார்த்துக்கொண்டேன். அது என் முழங்காலில் மூக்கை வைத்துத் தேய்த்தது. பிறகு வழக்கம்போல் என் கட்டைவிரலைத் தேடி எடுத்து வாய்க்குள் வைத்துக்கொண்டது. தையல் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் மிச்சம்.

"அப்ப குறை ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே. ஓட்டிட்டுப் போகட்டுமா?" என்றார் பால்காரர்.

கொட்டகையைப் பார்த்தேன். வெளிச்சம் பிரமாதமாக விழுந்துகொண்டிருந்தது. மேசை அங்கே. அடுப்பு இங்கே. தூசைக் கழுவிவிடக் குழாய். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் எனக்கு. விரலை உருவப் பார்த்தேன். பிடி இப்போது பலமாக இருந்தது.

"முடியாது" என்றேன்.

"ஏன்?"

"இதுக்கு மேல்பல் இல்லை."

"இப்பத்தானே சொன்னேன்?"

"நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. நான் ஒண்ணும் கேக்கலை. பல்லில்லாத கன்னு எனக்கு வேண்டாம்னு நீங்களா சொல்லிட்டுப் போயிட்டீங்க. என் பொண்டாட்டி கேட்டா அப்படித்தான் சொல்லணும். நடத்துநரே, உங்களுக்கும் சேர்த்துத்தான்."

பால்காரர் கொண்டுவந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். "சரி, பல்காரரே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். சந்து முனையில் அவர் தோளும் குலுங்கியது.

உட்கார்ந்து திட்டம் போட்டேன். மாட்டுக்கு மேல்பல் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து, அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருப்பது இதுதான் முதல் தடவை. இதை வீணாக்கக் கூடாது. கன்றை விட்டுப் பிரிய மனமில்லை என்று போய் நின்றால் என் மானம் போகும். பல்லில்லாத ஜீவனுக்காகத் தியாகம் செய்கிறேன் என்று போய் நின்றால் மானமும் மிஞ்சும், மேலே ஏதாவது கேட்டு வாங்கவும் செய்யலாம்.

சாயங்காலம் அவள் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவள் வாளியில் தவிட்டைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"பால்காரர் வந்தார்."

"அப்படியா?"

"பல்லில்லாத கன்னு வேண்டாம்னு சொல்லிட்டார்."

"அடடா."

"இனிமே யாரும் வாங்க மாட்டாங்க. நாமதான் வெச்சுக் காப்பாத்தணும். எனக்குக் கொட்டகை வேணும்தான். ஆனா வாயில்லா ஜீவன் இல்லையா? விட்டுக்குடுத்துடறேன்."

"உங்க மனசு யாருக்கு வரும்?"

"அதுக்குப் பதிலா முன்னறை முழுக்க எனக்கு. தூசு பறக்குதுன்னு உள்ளேயிருந்து ஒரு வார்த்தை வரக் கூடாது."

"வராது."

"உங்க அண்ணன் வந்தாலும்?"

"யார் வந்தாலும்."

எதிர்ப்பே இல்லை. சண்டையில்லாமல் ஒரு நாட்டைப் பிடித்தவன்போல் நிமிர்ந்து நின்றேன். முகத்தில் வெற்றி தெரியாமல் இருக்க மிகவும் பாடுபட்டேன். அவள் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து முடித்து, கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"சொல்ல மறந்துட்டேன். தையல் பிரிக்க வந்தப்போ டாக்டர் பசுவையும் பாத்தார். மறுபடி சினையா இருக்காம்."

"சந்தோஷம்" என்றேன் பெருந்தன்மையாக.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தாள். வாசலைத் தாண்டும்போது, திரும்பாமலே சொன்னாள்.

"பொறக்கப் போறதுக்கும் மேல்பல் இருக்காதுங்க. நீங்க பதறிடக் கூடாதேன்னு இப்பவே சொல்லி வெக்கிறேன்."